ஆழநீர்த் தூண்டிலுக்குக் கோலும் ரீலும் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபாகத்திலுள்ள மிச்சிகன் ஏரி, பெயரளவில் ஏரியேயாயினும், மதகும் கலிங்கலும் வைத்துக் கட்டப்பட்ட நமது ஏரிகளோடு ஒப்பிடத்தக்கதன்று. வடக்குத் தெற்காகச் சுமார் 300 மைல் நீளமும், அகன்ற இடத்தில் 118 மைல் அகலமும், மிக ஆழ்ந்த இடத்தில் 900 அடிக்கு மேற்பட்ட ஆழமும் உள்ள நன்னீர்க் கடல் என்றே அதனைச் சொல்ல வேண்டும். அதன் கீழ்க்கரை நெடுகப் பழத்தோட்டங்கள் உள்ளன. அந்நாட்டில் விளையும் புளிப்புச் செர்ரிப் பழத்தில் பெரும்பகுதி மிச்சிகன் மாகாணத்தில் விளைவதேயாம். ஜூலை மாதத்தில் செர்ரி அறுவடை நடைபெறுகிறது. அதையடுத்து ஆகஸ்டு மாதத்தில் 'சாமன்' என்னும் பெருமீன் ஆற்று முகங்களை நாடித் திரண்டு வருகிறது. தோட்ட வேலை ஓய்ந்த குடியானவர் ஒருவர் கையில் சிறிது பணத்துடன் தூண்டில் கடைக்குள் நுழைவதற்கு ஏற்ற பருவம் அது.

அப்படி முதன்முறையாகக் கடைக்குச் செல்பவர், மீன் பெரிது, ஏரி ஆழம், ஆகையால் கோலும் தடிப்பாக இருத்தல் வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அவ்வெண்ணம் முற்றிலும் தவறு. ஆழத்தில் பொய் இரையை இறக்கி, படகை மெல்லச் செலுத்திப் பிடிக்கும் இம்முறையில், தடித்த கோல் பணத்தை விரயமாக்குவதோடு மீனையும் இழக்கச் செய்கிறது. அதன் காரணத்தை அறிந்துகொண்டால், எதை வாங்குவது எதை விடுவது என்பது தானே விளங்கும்.

மீன் வந்த வரலாறு

சாமன் மிச்சிகன் ஏரிக்குரிய மீனன்று. ஆதியில் அங்கே ஆழநீரில் வாழ்ந்த பெருமீன் 'ட்ரௌட்' என்பது. கடலிலிருந்து கால்வாய்களின் வழியே ஏறிவந்த 'லாம்ப்ரே' என்னும் பாம்பு போன்ற ஒட்டுண்ணி அம்மீனின் இரத்தத்தை உறிஞ்சியதாலும், வலைகளின் மிகுதியாலும், 1950-க்குப் பிற்பட்ட சில வருஷங்களில் ட்ரௌட் அவ்வேரியில் அற்றுப்போயிற்று. தின்பார் இல்லாமற்போகவே, அதே கடல்வழியாக வந்த 'ஏல்வைஃப்' என்னும் சிறுமீன் அளவின்றிப் பெருகியது. 1967-ம் வருஷத்தில் அது கூட்டங்கூட்டமாக மடிந்து கரைகளில் குவிந்து நாறியது.

இதற்கு முந்திய வருஷமே மிச்சிகன் இலாகாவில் மீன்வளப் பகுதியின் தலைவராயிருந்த ஹோவர்டு டானர் என்பவரின் முயற்சியால், பசிபிக் கரையிலுள்ள ஆரிகன் மாகாணத்திலிருந்து 'கோஹோ' சாமன் முட்டைகள் தருவிக்கப்பட்டு, வளர்த்த குஞ்சுகள் 1966-ம் வருஷ வசந்தத்தில் பிளாட் நதியிலும் மானிஸ்டி நதியின் கிளையான பேர் ஓடையிலும் விடப்பட்டன. 1967-ல் 'சினூக்' என்னும் இன்னும் பெரிய சாமன் இனமும் விடப்பட்டது. மேய்ச்சல் மிகுந்து மந்தையில்லாத தரையில் மாடுகளை ஓட்டிவிட்டதை யொத்த காரியம் இது. பலனும் அவ்வாறே விளைந்தது. பிற்காலத்தில் இதன் மறுபுறமும் காணப்பட்டது. பக்கத்திலுள்ள ஹூரன் ஏரியில் 2003, 2004-ம் வருஷங்களில் ஏல்வைஃப் அருகிப்போகவே, சினூக்கும் அங்கே க்ஷீணித்தது. அதுகண்டு மிச்சிகன் ஏரியைச் சூழ்ந்த மாகாணத்தார் 2013-ல் சினூக் குஞ்சுகளை விடும் தொகையைப் பெரிதும் குறைத்தனர். இன்று அவ்வேரியில் ஒரு நாள் முழுதும் உழன்று ஒரே ஒரு நல்ல மீன் மாத்திரம் இரையைத் தொடுவது அபூர்வமன்று. தொட்ட அந்த ஒரு மீனை இழப்பது எவ்வளவு நஷ்டம் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

பாரத்தைச் சுமப்பது எது?

கோடைகாலத்தில் ஏரியின் மேல்நீர் வெயிலால் சூடேறி, கீழேயுள்ள குளிர்ந்த நீரின்மீது ஆடைபோல் மிதக்கிறது. சினூக் சாமன் விரும்புவது பாரன்ஹீட் அளவில் 50 முதல் 55 டிகிரி வரையுள்ள குளிர்ந்த நீர். மேல்நீர் 70 டிகிரியாய் இருக்கும்போது அக்குளிர்ச்சி 60 அடியிலோ, 80 அடியிலோ, 100 அடிக்கும் கீழேயோதான் கிடைக்கும். கரையிலிருந்து ஏரியை நோக்கிப் பலத்த காற்று இரண்டொரு நாள் வீசினால் மேல்நீர் உள்ளே தள்ளப்பட்டு, குளிர்ந்த நீர் கரையோரமாகவே மேலெழும்புவதும் உண்டு. எவ்வாறாயினும் அந்தந்த நாளில் குளிர்ந்த நீர் நிற்கும் ஆழத்திலே இரையைச் செலுத்தி, அதே ஆழத்தில் நிறுத்திவைப்பதே இத்தொழிலின் உயிர்நிலை.

முற்காலத்தில் இதற்காக நரம்பிலேயே கனத்த ஈயத்தைக் கட்டினர். அல்லது நரம்புக்குப் பதிலாக உலோகக் கம்பியை உபயோகித்தனர். அவற்றை இழுக்கத் தடித்த கோல் தேவையாயிருந்தது. மீன் அகப்பட்டாலும், மீனையும் ஈயத்தையும் சேர்த்தே மேலிழுக்க வேண்டும். 'டவுன்ரிக்கர்' என்னும் கருவி இச்சிரமத்தை நீக்கிற்று. படகின் பின்புறத்தில் பொருத்தப்பட்ட சிறு ராட்டினம் அது. அதில் சுற்றிய மெல்லிய எஃகுக் கயிற்றின் முனையில் 8 முதல் 12 ராத்தல் வரை எடையுள்ள குண்டு தொங்கும். குண்டின் அருகே ஒரு கவ்வி இருக்கும். தூண்டில் நரம்பில், இரைக்கு மேலே 10 முதல் 30 அடி தள்ளி, நரம்பை அக்கவ்வியில் மாட்டி, குண்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். படகு மணிக்கு 2 அல்லது 3 மைல் வேகத்தில் செல்லும். மீன் இரையைக் கவ்வி இழுத்தவுடன் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட்டுவிடும். அதன்பின் பிடிப்பவருக்கும் மீனுக்கும் நடுவே வேறு பாரம் ஏதுமில்லை.

ஆகவே ஆழத்தின் பாரத்தைச் சுமப்பது ராட்டினமே. கோலின் வேலை மூன்றே: நாள் முழுவதும் வில்லைப்போல் வளைந்து நிற்றல், நரம்பு விடுபட்ட கணத்தில் நிமிர்ந்து தளர்ச்சியை வாங்கிக்கொள்ளுதல், மீன் திமிறும்போது அதற்கேற்ப இளகிக் கொடுத்தல். இம்மூன்றுக்கும் வேண்டியது நயமேயன்றித் தடிப்பன்று.

கோல்

இவ்வேலைக்கு எட்டு அடி முதல் ஒன்பது அடி வரை நீளமுள்ள, நடுத்தரத்துக்குச் சற்று இளகிய கோல் பொருத்தமானது. 10 முதல் 20 ராத்தல் வரை தாங்கும் நரம்புக்கு உரியதென்று கோலின்மீதே அச்சிட்டிருக்கும். அதனைப் பார்த்து வாங்குக. நுனியில் மாத்திரம் வளைந்து, அடியில் மரம்போல் நிற்கும் கோலைத் தள்ளிவிட வேண்டும். நுனியிலிருந்து ஏறக்குறைய நடுப்பாகம் வரை ஒரே சீராக வளைவதே சிலாக்கியம். கடையிலேயே இதனைச் சோதிக்கலாம். வளையங்களின் வழியாக நரம்பைக் கோத்து, அதன் முனையை வேறொருவர் தாழப் பிடித்துக்கொள்ள, கோலை மெல்ல உயர்த்திப் பார்த்தால் வளைவு கண்ணுக்குப் புலப்படும். கோலை வெறுங்கையில் ஆட்டிப் பார்த்து முடிவு செய்வது பிரயோஜனமற்றது. கடைக்காரர்கள் அதைத்தான் பெரும்பாலும் செய்துகாட்டுவார்கள்.

தடித்த கோலால் நேரும் தீங்குகள் வெளிப்படையானவை. கவ்வியில் மாட்டியபின் நரம்பை இறுகச் சுற்றிக் கோலை நன்றாக வளைத்துத் தாங்கியில் நிறுத்துவது வழக்கம். மீன் இழுத்து நரம்பு விடுபட்டவுடன் இளகிய கோல் சட்டென நிமிர்ந்து பல அடி நரம்பை இழுத்துக்கொள்ளும். முள் மீனின் வாயில் இறுகப் பதியும். தடித்த கோலோ முதலிலேயே வளைவதில்லையாதலால், நிமிர்வதற்கும் இடமில்லை. நரம்பு தொய்ந்துபோக, பிடிப்பவர் ஓடிவந்து கோலை எடுப்பதற்குள் மீன் முள்ளை உமிழ்ந்துவிடும். அப்படியே பதிந்தாலும், சாமன் தலையை உதறும்போதெல்லாம் இளகாத கோல் முள் பதிந்த துளையை அகலப்படுத்தும். மீன் படகின் அருகே வந்து கைவலைக்குள் போகுந் தறுவாயில் கழன்றுபோவது பெரும்பாலும் இதனாலேயாம்.

இன்னொன்று சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் நாள் முழுவதையும் பாழாக்கும். ஒரு ராத்தலுக்குக் குறைந்த குட்டி மீன் அகப்பட்டால் கவ்வியிலிருந்து நரம்பை விடுவிக்க அதற்குப் பலம் போதாது. இளகிய நுனி அப்போது துடித்துக் காட்டும். தடித்த நுனி அசையாது. ஆகவே, அறியாமல் அந்தக் குட்டியை ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு திரிவார்கள். அவ்விரையை வேறு மீன் திரும்பிப் பாராது.

கண்ணாடி நாரால் செய்ததும், கண்ணாடி நாரும் கரிநாரும் கலந்து செய்ததும் இவ்வேலைக்கு ஏற்றவை. தனிக் கரிநார்க் கோல் இலேசானது, விலையும் அதிகம். ஆனால் படகின் விளிம்பில் இடித்துக் கீறல் பட்டால், வளைந்து நிற்கும்போது அங்கேயே முறிந்துவிடக்கூடும். மணிக்கணக்காகத் தாங்கியில் வளைந்து நிற்கும் கோலுக்கு இலேசாயிருப்பது ஒரு பெரிய குணமன்று. வளையங்கள் எண்ணிக்கையில் மிகுதியாகவும், உட்புறம் வழவழப்பாகவும் இருத்தல் வேண்டும். பஞ்சைக்கொண்டு துடைத்துப் பார்த்தால், வெடிப்புள்ள வளையத்தில் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். அடிப்பிடி படகிலுள்ள தாங்கியில் பொருந்துமா என்பதை வாங்குமுன் அளந்துகொள்ளுதல் அவசியம். சிறு படகில் ஒன்பது அடிக் கோல் கைவலையிடுவதற்குச் சங்கடமாயிருக்கும். எட்டு அடியே போதும்.

ஜோடி காளைகளின் பலத்தைப் பாராமல் கனத்த இரும்புக் கலப்பையை வாங்கி, பின்பு அதைத் தாழ்வாரத்தில் சாத்திவைக்கும் குடியானவரை எல்லா ஊரிலும் காணலாம். தடித்த கோல்களும் அவ்விதமே வீடுகளில் தூங்குகின்றன.

ரீல்

கோலில் சிக்கனம் செய்யலாம். ரீலில் செய்தல் கூடாது. பணம் குறைவாயிருந்தால் கோலின் விலையைக் குறைத்து ரீலுக்குக் கூட்டுவதே முறை. ஏனெனில், மீனோடு நேரே போராடுவது ரீலுக்குள் இருக்கும் பிரேக்குதான். மீன் குறித்த பலத்துக்குமேல் இழுத்தால் உருளை நழுவி நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். நல்ல பிரேக்கு எண்ணெய் வழிவதுபோல் தொடங்கி ஒரே சீராக விடும். மட்டமான பிரேக்கு முதலில் பிடித்துக்கொண்டு, பின்பு திடீரென விடும். 15 ராத்தல் சினூக் ஒரே ஓட்டத்தில் 100 கஜம் ஓடக்கூடியதாகையால், அந்த முதல் கணப் பிடிப்பிலேயே நரம்பு அறுந்துபோகும். கடையில் பிரேக்கைப் பாதியளவு இறுக்கி, நரம்பைக் கையால் மெதுவாகவும் வேகமாகவும் இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

உருளை குறுக்காகப் படுத்திருக்கும் ரீலே இதற்கு ஏற்றது. குண்டை இறக்கும்போது நரம்பைக் கட்டைவிரலால் அணைத்தவாறே அளவோடு விடவேண்டியிருக்கிறது. உருளை நெடுக்காக நிற்கும் கரைத்தூண்டில் ரீலில் அது எளிதன்று. நரம்பை உருளையில் இருபுறமும் சீராகப் பரப்பும் ஓட்டி உள்ளதாகவும், நரம்பு வெளியேறும்போது 'கிர்' என்று ஒலித்து அறிவிக்கும் விசையுள்ளதாகவும், 20 ராத்தல் நரம்பு 300 கஜத்துக்குக் குறையாமல் கொள்ளுவதாகவும் பார்க்க வேண்டும்.

வெளிச்சென்ற நரம்பின் அடியளவை எண்களால் காட்டும் ரீல்கள் இப்போது சாதாரணமாய் விற்கின்றன. டவுன்ரிக்கர் ஒன்றை மாத்திரமே உபயோகிப்பவருக்கு இது இன்றியமையாததன்று. ராட்டினமே ஆழத்தைக் காட்டுகிறது. கவ்விக்கும் இரைக்கும் உள்ள தூரத்தை, நரம்பு பரப்பும் ஓட்டி எத்தனை தடவை போய்வருகிறது என்று எண்ணியே அறிந்துகொள்ளலாம். ஆயினும் எண் காட்டும் ரீலையே ஆரம்பத்தில் வாங்குதல் நலம். ஒரு மீன் அகப்பட்ட தூரத்தை அப்படியே மறுபடி வைப்பதற்கு அது உதவும். பின்னால், ராட்டினமின்றி நீரைக் கிழித்து இறங்கும் பலகையைக் கட்டி இழுக்க விரும்பினாலும் அதே ரீல் பயன்படும். உருளை முழுமையாக நிரம்பியிருந்தால்தான் எண் மெய்யாயிருக்கும். நரம்பு அறுந்து உருளை மெலிந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் வெளிவரும் நரம்பு குறைவதால், ரீல் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

நரம்பும் பிரேக்கின் அளவும்

20 ராத்தல் தாங்கும் ஒற்றை இழை நைலான் தங்கூசியே தொடங்குவோருக்குத் தக்கது, விலையும் குறைவு. பின்னல் நரம்பு மெலிந்தும் பலமாயும் இருப்பதைக் கண்டு சிலர் ஆசைப்படுவர். அது சற்றும் நீளாது. வழுவழுப்பாகையால் கவ்வியில் நில்லாமல் நழுவும். தங்கூசியோ ஓரளவு ரப்பரைப்போல் நீண்டு, மீன் உதறும் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்கிறது. இளகிய கோல், நீளும் நரம்பு, சீராக நழுவும் பிரேக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து, கையனுபவம் இல்லாதவர் செய்யும் பிழைகளில் பாதியைப் பொறுத்துக்கொள்ளும்.

பிரேக்கைக் கைமதிப்பாக வைத்தல் கூடாது. நரம்பின் முனையை வில் தராசில் மாட்டி இழுத்து, 5 ராத்தலில் நழுவும்படி திருகி வைப்பது போதுமானது. நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்கு என்பது கணக்கு. மீன் ஓடும்போது பதறித் திருகை மேலும் இறுக்குவதால் அறுந்த நரம்புகளே மிகுதி. கரண்டி போன்ற தகட்டு இரைகள் சுழலுந் தன்மையுடையனவாதலால், குண்டுமணி வைத்த சுழல் வளையத்தை இடையில் கட்டாவிடில் நரம்பு முறுக்கேறிக் கெடும். முடிச்சை இறுக்குமுன் உமிழ்நீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த தங்கூசி உராய்வின் சூட்டாலேயே பலம் குறையும்.

செலவும் ஜாக்கிரதையும்

கோலும் ரீலும் சேர்ந்து 100 முதல் 150 டாலருக்குள் யோக்கியமானவை கிடைக்கும். மிச்சிகன் விதிப்படி ஒருவர் ஒரே சமயத்தில் மூன்று தூண்டில் வரை போடலாமாயினும், ஆரம்பத்தில் இரண்டு போதும். அவ்விரண்டும் நீளத்திலும் வளைவிலும் ஒன்றேயாயிருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றின் துடிப்பை மற்றொன்றோடு ஒப்பிட்டு, எதில் மீன் இருக்கிறதென்று அறிய முடியும். விலையுயர்ந்த ஒரு கோலைவிட ஒத்த இரண்டு சாதாரணக் கோல்கள் மேல்.

இதில் மிச்சப்படும் பணத்துக்கு முந்திய உரிமையுள்ள செலவு ஒன்று உண்டு. 1967-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 23-ம் தேதி, கோஹோ மீன் முதன்முதலாகப் பெருந்திரளாய் வந்திருந்த சமயத்தில், பிளாட் விரிகுடாவில் நூற்றுக்கணக்கான சிறு படகுகள் இறங்கியிருந்தன. புயல் எச்சரிக்கை செய்தும் பலர் திரும்பவில்லை. அன்று 7 பேர் மாண்டனர். ஆற்றுக்கும் குளத்துக்கும் செய்த படகைக் கடலையொத்த ஏரியில் இறக்கியதன் விளைவு அது. ஆகையால் படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை வாங்கியபிறகே கோலின் விலையைக் கேட்க வேண்டும்.

டவுன்ரிக்கரிலும் ஓர் அபாயம் உண்டு. குண்டு அடியிலுள்ள பாறையிலோ பழைய வலையிலோ சிக்கிக்கொண்டால், முன்னே செல்லும் சிறு படகின் பின்புறத்தை எஃகுக் கயிறு கீழே இழுக்கும். அலையிருக்குமாயின் தண்ணீர் உள்ளே புகும். ராட்டினத்தின் பிரேக்கைக் குண்டின் எடைக்குச் சற்று மேலாக மாத்திரம் இறுக்கிவைத்தால் கயிறு தானே ஓடிவிடும். அப்படியும் கயிற்றை வெட்டக்கூடிய இடுக்கி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் நன்று. குண்டு ஒன்று போவதைப் பற்றி வருந்த வேண்டியதில்லை. படகு செல்லுகையில் கயிறு பின்னோக்கிச் சாய்வதால், ராட்டினம் 80 அடி என்று காட்டும்போது குண்டு உண்மையில் அதைவிட மேலேயே இருக்கும். ஆழம் மிகுந்தால் 12 ராத்தல் குண்டை உபயோகித்து அச்சாய்வைக் குறைத்துக்கொள்ளலாம்.

பருவம் முடிந்து படகைக் கரையேற்றியபின் ரீலின் பிரேக்கை முற்றும் தளர்த்திவைக்க வேண்டும். இறுகியபடி குளிர்காலம் முழுதும் கிடந்தால் உள்ளேயுள்ள வட்டுகள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். கோல்களைச் சுவரில் சாய்க்காமல் படுக்கவைத்தோ நேரே தொங்கவிட்டோ வைக்கவும். ஒரு பருவம் வெயிலில் கிடந்த தங்கூசியை அடுத்த வருஷத்துக்கு நம்பலாகாது. வசந்தத்தில் புதிய நரம்பை உருளையின் விளிம்புக்கு எட்டில் ஓரங்குலம் குறைவாக நிரப்பி, பிரேக்கை மறுபடி வில் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்ளவும்.